ஏரிக்கரை வீட்டில் வைத்த பேர்

அபுதாபிக்கு மகள் வீட்டுக்கு விசிட் விசாவில் வந்த புதிது. அவள் குளித்துக்கொண்டிருந்தாள். போன் அடித்தது, எடுத்தேன். ஒரு மலையாளத்துப் பெண் யாரோ ஒருத்தியின் பேரைச் சொல்லி, இருக்கிறாளா என்று கேட்டாள். அப்படி யாரும் இங்கே இல்லை என்று வைத்துவிட்டேன். தலையைத் துவட்டிக்கொண்டே வந்த மகள், "அம்மா, அது நான்தான்" என்றாள்.

"எவடி நீ? பூமான்னு நான் வச்ச பேரு எங்க போச்சு?"

"ஆபீஸ்ல மாத்திக்கிட்டேம்மா. பாஸ்போர்ட்லயும் மாத்தப் போறேன்."

"எதுக்கு?"

"அரபிக்காரங்க நிறைய இருக்கிற ஆபீஸ். அவங்ககிட்ட அந்தப் பேரு சரியா வரல."

எனக்குச் சிரிப்பு வந்தது. அந்தப் பேரை வைத்ததே அரபிக்காரர்கள்தான்.

எனக்கு என் அப்பா வைத்த பேரை நான் யாரிடமும் சொல்லுவதில்லை. நாலாவதும் பெண்ணாகப் பிறந்தால் எங்கள் அறந்தாங்கிப் பக்கம், இனிமேல் பெண் வேண்டாம் என்று சாமிக்குக் கேட்கிற மாதிரி ஒரு பேர் வைப்பார்கள். அந்தப் பேரோடுதான் வளர்ந்தேன், கட்டிக்கொடுத்தார்கள், தாலியும் அறுத்தேன். பிறகு கைக்குழந்தையைத் தங்கச்சியிடம் விட்டுவிட்டு வீட்டு வேலைக்கு இந்தத் தேசத்துக்கு வந்தேன். அப்போது குழந்தைக்குப் பேர்கூட வைத்திருக்கவில்லை.

வேலை, அபுதாபி ஊருக்கு வெளியே, ஒரு உப்பு ஏரிக்கரையில். பழைய ஊர் அது. மண் சுவர் வீடுகள், ஒரு காவல் கோபுரம், பேரீச்ச மரங்கள், ஒட்டகக் கொட்டில். வீட்டு எசமானியை ‘மாமா’ என்று கூப்பிட வேண்டும் என்றார்கள். பொம்பளையை எப்படி மாமா என்பது? வாய் கூசியது. முதல் நாள் அவள் என்னைப் பார்த்து "தாலி, தாலி" என்றாள். வெறுங்கழுத்தைத் தடவிக்கொண்டு நின்றேன். ‘வா’ என்கிறாள் என்பது பிறகுதான் தெரிந்தது.

என் பேர் அவள் வாயில் நுழையவில்லை. கொஞ்ச நாளிலேயே "பூமா" என்று கூப்பிட ஆரம்பித்தாள். நான் பூமாதேவி என்று எடுத்துக்கொண்டேன். வேறு எப்படி எடுத்துக்கொள்வது? துலுக்க வீட்டில் எனக்கு ஒரு தெய்வத்தின் பேர்! கூப்பிடாத நேரத்திலும் காதில் விழுந்துகொண்டே இருக்கும். தங்கச்சிக்கு கேசட்டில் பேசி அனுப்பினேன்: பிள்ளைக்கு அந்தப் பேரையே வை. அவள் வைத்தாள். தன் மகளுக்கும் வைத்தாள். அவள் நாத்தனார் வீட்டிலும் வைத்தார்கள். எங்கள் தெருவில் ‘பூமா’ என்று கூப்பிட்டால் மூன்று வீட்டிலிருந்து எட்டிப்பார்க்கும். நான் எழுத்துக்கூட்டி எழுதப் பழகிய முதல் சொல்லும் அதுதான்.

அதை மாற்றுவேன் என்றால் விடுவேனா? "அந்த வீட்டுக்கு என்னைக் கூட்டிக்கிட்டுப் போ. அவங்க வாயால எப்படிக் கூப்பிடுறாங்கன்னு கேளு. அப்புறமும் மாத்தணும்னா மாத்திக்க" என்றேன்.

அவள் சாக்குச் சொன்னாள். வெயில் என்றாள். டூட்டி என்றாள். நான் சாப்பாட்டைத் தள்ளி வைத்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை கார் சாவியை எடுத்தாள்.

வழியில், "ஏரியப் பாத்துட்டுத் திரும்பிடலாம்மா. வீட்டுக்கெல்லாம் வேண்டாம். அந்தம்மா செத்துக்கூடப் போயிருக்கும்" என்றாள்.

"செத்திருந்தா குழியப் பாத்துட்டு வரேன். ரோட்டப் பாத்து ஓட்டு."

ஊர் மாறிப் போயிருந்தது. ஆட்டுப் புழுக்கை கிடந்த இடத்தில் மரப்பலகையில் நடைபாதை. ஏரியில் அதே செவத்த கொக்குகள், ஒற்றைக் காலில். வெள்ளைக்காரர்கள் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் தண்ணீர்க் குடம் இறக்கி வைத்த மூலையில் கண்ணாடி போட்டு, உள்ளே ஒரு குடத்தை வைத்து, விளக்கு எரியவிட்டிருந்தார்கள். மகள் பலகையை வாசித்து, "பழங்கால வாழ்க்கைன்னு போட்டிருக்கு" என்றாள்.

"நான் கழுவின குடம்டி அது."

கடைசி வீடு மட்டும் இன்னும் அந்தக் குடும்பத்தின் கையில் இருந்தது. கதவு திறந்தே கிடந்தது. முற்றத்தில் மருமகள்களும் பேத்திகளும் சுற்றி உட்கார்ந்திருக்க, நடுவில் சக்கர நாற்காலியில் மாமா. உடம்பு வற்றி இவ்வளவுதான் இருந்தாள். என்னைப் பார்த்ததும் கையைத் தூக்கினாள்.

"பூமா! பூமா! தாலி!"

நான் மகளைத் திரும்பிப் பார்த்தேன். கேட்டாயா என்று பார்த்தேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

மாமா என் கன்னத்தைப் பிடித்தாள், நெற்றியில் முத்தம் கொடுத்தாள். பொய்யில்லை, அவளுக்கு என்மேல் ஆசைதான். காப்பி வந்தது, பேரீச்சம்பழம் வந்தது. மகளைக் காட்டி யார் என்றாள். என் மகள் என்றேன். பேர் என்ன என்றாள். அதற்காகத்தானே வந்தேன். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, எனக்குத் தெரிந்த அடுப்படி அரபியில் சொன்னேன்: இவள் பேரும் பூமா, நீங்கள் கொடுத்த பேர்.

மாமாவின் வாய் திறந்தபடி நின்றது. அப்புறம் சிரித்தாள். இருமல் வந்து, கண்ணில் தண்ணீர் வந்து, அப்போதும் நிற்கவில்லை. சுற்றி இருந்தவர்களிடம் என்னமோ சொன்னாள். மருமகள்கள் துணியால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். ஒரு பேத்தி இரண்டு விரலைக் கண்ணைச் சுற்றி வட்டமாக வைத்துக்கொண்டு என் மகளை உற்றுப் பார்த்தது.

"என்னடி சொல்றாங்க?"

"ஒண்ணுமில்லம்மா. போலாம்."

"உனக்கு அரபி தெரியும்ல. சொல்லுடி."

"வேண்டாம்மா."

"சொல்லுன்னா சொல்லு!"

சொன்னாள். என் முகத்தை நேராகப் பார்த்துச் சொன்னாள். "ஆந்தை."

"என்ன ஆந்தை?"

"பூமான்னா ஆந்தைம்மா. இவங்க ஊர்ல மூதேவின்னு திட்டுற மாதிரி. நீ வந்த நேரம் இவங்க மாமியா செத்துட்டாங்களாம். உனக்கு முழி வேற பெருசாம். அதான் வச்ச பேரு. ‘சொந்தப் பிள்ளைக்கு எவளாவது ஆந்தைன்னு பேரு வைப்பாளா’ன்னு கேட்டுத்தான் சிரிக்கிறாங்க."

கடைத்தெருவுக்கு அனுப்பும்போதெல்லாம் நான் கடைக்காரர்களிடம் ‘அனா பூமா’, நான் பூமா என்று என் பேரைச் சொல்லிக்கொண்டதும், அவர்கள் சிரித்ததும் அப்போது ஞாபகம் வந்தது. என்னைப் பார்த்தால் எல்லாருக்கும் சந்தோஷம் என்று நினைத்திருந்தேன்.

மாமா தட்டை என் பக்கம் தள்ளினாள். "சாப்பிடு, பூமா."

எழுந்து நின்றேன். "பூமா மாஃபி. பூமா கலாஸ்" என்றேன். பூமா இல்லை, பூமா முடிந்தாள் என்று அர்த்தம். என்ன சொல்கிறேன் என்று நன்றாகத் தெரிந்துதான் சொன்னேன். அதற்கும் சிரித்தார்கள். மாமாவுக்குச் சிரிப்பில் மறுபடியும் இருமல் வந்தது.

காரில் ஏறிக் கதவைச் சாத்தினேன். "உனக்கு எப்பத்துலேர்ந்துடி தெரியும்?"

"வேலைக்குச் சேர்ந்த அன்னிக்கே. பேரச் சொன்னேன், ரூமே சிரிச்சிச்சு. ஒரு ஆளு ஆந்தை மாதிரி கத்திக் காட்டுனான்."

"எங்கிட்டச் சொல்றதுக்கென்ன?"

"நீ ஊரு பூரா அந்தப் பேரச் சொல்லிக்கிட்டு நிமிந்து நடந்தியே. எப்படிச் சொல்ல?"

எனக்கு அவள்மேல்தான் கோபம் வந்தது, மாமாமேல் வரவில்லை. மகள் என்னைப் பாவம் பார்த்திருக்கிறாள். அதைப் பொறுக்க முடியவில்லை. என் அப்பா வைத்த பேர் எவ்வளவோ மேல். என்ன சொல்லித் திட்டுகிறார் என்பதாவது தெரிந்திருந்தது.

வீட்டுக்கு வந்தோம். தங்கச்சி போனில் கூப்பிட்டாள். "பூமா எப்படி இருக்கா? இங்க நம்ம பூமாவுக்கு மாப்ள பாக்குறோம்" என்றாள். நல்லா இருக்கா என்று சொல்லி வைத்தேன். அவளுக்கு நான் சொல்லப் போவதில்லை.

மறுநாள் காலையில் மகள் ஆபீசுக்குக் கிளம்பி, கழுத்தில் அட்டையை மாட்டிக்கொண்டு நின்றாள். சாப்பாட்டு டப்பாவை மறந்துவிட்டாள். கூப்பிட வாயெடுத்தேன். பழைய பேர் நாக்கு நுனிவரை வந்தது, முழுங்கினேன்.

"ஏய்" என்றேன்.

திரும்பினாள்.

"அந்தப் பேர இன்னொரு தரம் சொல்லு."

சொன்னாள். நடுவில் இரண்டு வடமொழி எழுத்து இருக்கிற பேர். நானும் சொல்லிப் பார்த்தேன். உடைந்து உடைந்து வந்தது. அவள் திருத்தினாள், மறுபடி சொன்னேன், மறுபடி திருத்தினாள். லிப்ட் வந்துவிட்டது என்று டப்பாவை வாங்கிக்கொண்டு ஓடிவிட்டாள்.

என் மகளின் பேர் என் வாயில் நுழையவில்லை.