கண் மூடிய படங்கள்

இன்று காலை மந்தைவெளியில் பால் வாங்கப் போன கடையில் ஒரு அக்கா என்னை அடையாளம் கண்டுகொண்டார். போன மாதம் சர்ச்சில் அவர் மகள் முதன்முதலாக நற்கருணை அப்பம் வாங்கிய புதுநன்மை விழாவைப் படம் எடுத்தவன் நான். பாப்பாவும் பக்கத்தில் நின்றாள்.

"ஆல்பம் நல்லா இருக்கு தம்பி. ஆனா இவ ஃபாதர்கிட்ட நன்மை வாங்குற படம் மட்டும் ஒண்ணுகூட இல்லியே?"

எனக்கு அங்கேயே புரிந்துவிட்டது.

இரண்டாயிரம் படங்களை ஒவ்வொன்றாகப் பார்க்கச் சோம்பல்பட்டு, கண் மூடியிருப்பதை எல்லாம் மொத்தமாகக் கழிக்கும்படி சாஃப்ட்வேரிடம் விட்டிருந்தேன். நன்மை வாங்கும்போது பிள்ளைகள் பக்தியாகக் கண்ணை மூடுவார்கள் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. கேமராவின் மெமரி கார்டையும் அடுத்த கல்யாணத்துக்காக அழித்தாயிற்று.

இதையெல்லாம் சொல்லாமல், "பாப்பா கண்ண மூடிடுச்சுக்கா, அதான் படம் சரியா வரல" என்றேன்.

அக்கா வாயைத் திறப்பதற்குள் பாப்பா முந்திக்கொண்டாள்.

"சிஸ்டர்தான் மூடிக்கச் சொன்னாங்க அங்கிள். சாரி."

பால் வாங்காமலே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அழித்த படங்களை மீட்க வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அந்தச் சாரியைத் திருப்பிக் கொடுக்க வழி தெரிந்தாலும் சொல்லுங்கள்.