ஒற்றைக் கொம்புக் காளையின் மகள்

தேனாம்பேட்டை தேவானை யாரையும் நம்பமாட்டாள். பால்காரியிடம் செம்பைக் கவிழ்த்துக் காட்டச் சொல்வது ஊர் வழக்கம். அவளோ தவிடு வாங்கும் கடையில் மூட்டையையே கவிழ்க்கச் சொல்வாள். கைம்பெண்ணுக்குச் சந்தேகம்தான் வேலி.

யுத்தத்தில் குண்டு பயத்தால் ஓடியவர்கள் பட்டணத்துக்குத் திரும்பிய வருஷம், அவளுடைய ஒரே பசு தளர்ந்துவிட்டது. இன்னும் ஒரு ஈற்றுதான் தாங்கும். பிறப்பது கிடாரியாக இருக்க வேண்டும். அது கறக்கவும் வேண்டும். இல்லாவிட்டால் தேவானை கல் சுமக்கப் போக வேண்டியதுதான். எந்தக் காளைக்கு விடுவது?

நல்லசிவத்தின் காளை தேர் மாதிரி நிற்கும். அதன் மகள் ஒன்றைக் கறந்து காட்டினார், பால் பொங்கியது.

"மத்ததுங்கோ எங்க கீது?"

நல்லசிவம் பேச்சை மாற்றினார்.

மயிலாப்பூர் வலியுல்லாவின் காளைக்கு ஒரு கொம்புதான். விலா எலும்பு வேறு தெரியும்.

"ஆறு பொண்ணு, ஆறு வூட்ல கீதும்மா. நீயே போய்ப் பாரு" என்றார் அவர்.

எல்லாவற்றையும் காட்டுகிறாரே, இதில் என்ன சூதோ!

சொல்லாமல் கொள்ளாமல் போனாள். முதல் நாள் மாலை கறக்காமல் விட்டு மடியை நிரப்பிக் காட்டும் தந்திரம் அவளுக்குத் தெரியாததா? மாலையும் மறுநாள் காலையும் நின்று, தன் படியிலேயே அளந்தாள். ஆறுமே குறை வைக்கவில்லை. அந்த ஆறில் ஒன்றான பங்கஜம் அம்மாள் வீட்டில் தாய்ப்பசுவும் மகளும் ஒரே கொட்டில், ஒரே தவிடு. மகள் வேளைக்கு மூன்று படி, தாய் இரண்டு.

"தாய் கெழடாச்சேம்மா?"

"தலையீத்துலயும் இவ ரெண்டு படிதாண்டி கறந்தா! யாரை வேணா கேட்டுக்கோ."

கேட்டாள்.

பசுவை அந்தக் காளைக்கே விட்டாள். ஆனால் வாய் சும்மா இருந்ததா? "அந்த ஆறுக்கும் பாய்தான் ரகசியமா புண்ணாக்கு போடறாரோ இன்னாவோ" என்று குழாயடியில் ஒரு வார்த்தை விட்டாள். அது தெருத்தெருவாய்ப் போயிற்று.

கிடாரியே பிறந்தது. நான்காம் வருஷம் அது ஈன்றது. பத்து நாள் அளந்தாள், மூன்று படி. தன் படியின் மேலேயே சந்தேகம் வந்து, பக்கத்து வீட்டுப் படியை வாங்கி அளந்தாள். அதிலும் மூன்று படி! கண்ணீர் பாலில் விழாமல் முந்தானையால் துடைத்துக்கொண்டு, செம்பு நிறையப் பாலோடு மயிலாப்பூருக்கு ஓடினாள்.

கட்டுத்தறி வெறிச்சோடிக் கிடந்தது.

"காளை எங்க பாய்?"

"அந்தப் புண்ணாக்குப் பேச்சுக்கு அப்பறம் யாரும்மா மாட்ட ஓட்டிக்கினு வந்தாங்க? வண்டிக்காரன்கிட்ட வித்து ரெண்டு வருசமாவுது."

தேவானை செம்பை நீட்டினாள். வலியுல்லா வாங்கி, உள்ளே உற்றுப் பார்த்தார்.

"தண்ணி கலக்கலியேம்மா?"

இல்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். அழுகைதான் வந்தது.