லேபிள் கழன்ற பாட்டில்கள்

ஹூஸ்டன் பக்கமெல்லாம் வெள்ளத்தில் மூழ்கிய அந்த ஆகஸ்ட் மாதம் நடந்தது இது. நாங்கள் பேர்லேண்டில் வீடு வாங்கிக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. நான் பல் மருத்துவர். சொந்த ஊர் கரூர் பக்கம். எதிர்வீட்டில் ஓர் இலங்கைத் தமிழ்க் குடும்பம். கணவர் பெட்ரோல் போடும் கேஸ் ஸ்டேஷன் ஒன்று நடத்துகிறார், மனைவி ஒரு ஸ்கூல் கஃபெட்டீரியாவில் வேலை. ஒரே மகளுக்கு டாலஸில் வேலை. அவர்களை அண்ணா, அக்கா என்றுதான் கூப்பிடுவேன்.

எங்கள் வீடு கொஞ்சம் மேட்டில் இருந்ததால் தண்ணீர் வாசற்படியோடு நின்றுவிட்டது. அவர்கள் வீட்டுக்குள் முழங்காலுக்கு மேல் ஏறிவிட்டது. காலையில் இரண்டு பேரும் பாஸ்போர்ட் இருந்த பையை உயரத் தூக்கிப் பிடித்தபடி தெருவைக் கடந்து எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். கரண்ட் இல்லை. சமையலறையில் கேஸ் அடுப்பு மட்டும் எரிந்தது. ரசம் சாதத்தோடு அந்த நாட்களை ஓட்டினோம்.

தண்ணீர் வடிந்ததும் எல்லோருமாகப் போய் அவர்கள் வீட்டைச் சுத்தம் பண்ணினோம். ஊறிப்போன சோபா, மெத்தை, கார்ப்பெட், மகளின் கல்யாணத்துக்கென்று வாங்கி வைத்திருந்த சாமான்கள் எல்லாம் தெருவோரத்தில் மலையாகக் குவிந்தன. என் கணவர் சுவரின் கீழ்ப்பாதியை அறுத்து எடுத்துக்கொண்டிருந்தார். அண்ணா ஒரு பொருளுக்கும் முகம் சுளிக்கவில்லை. "இனி அக்காவுக்குப் புதுச் சோபா வாங்கிக் குடுக்க எனக்கு ஒரு சாட்டுக் கிடைச்சிட்டுது" என்று சிரிப்பு வேறு. திடீரென்று அவரைக் காணவில்லை. தேடிப் போனால், மாடிப்படிக்குக் கீழே இருந்த சின்ன அறையில் ஈரத்தரையில் உட்கார்ந்திருந்தார். முன்னால் ஒரே மாதிரியாகப் பத்துப் பன்னிரண்டு ஒயின் பாட்டில்கள். ஒன்றிலும் லேபிள் இல்லை. லேபிள்களெல்லாம் சேற்றோடு சேர்ந்து கூழாகக் கிடந்தன.

"வீடு முழுக்க நாறிப்போய்க் கிடக்கு, இவர் போத்தலைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு இருக்கிறார்" என்று அக்கா வெளியிலிருந்து சத்தம் போட்டார்.

அண்ணா என்னை நிமிர்ந்து பார்த்தார். கண் கலங்கியிருந்தது. "தங்கச்சி, இதில ஒண்டு மகள் பிறந்த வருசத்து வைன். அவளின்ர கலியாணத்துக்குத் திறக்க வச்சிருந்தனான். இனி எது எதெண்டு எப்பிடித் தெரியும்?"

எங்கள் வீட்டில் யாரும் குடிப்பதில்லை. ஒரு பாட்டிலுக்காக இந்த மனிதர் ஏன் இப்படி உடைந்துபோகிறார் என்று எனக்குப் புரியவில்லை. கேட்டேன். அங்கேயே உட்கார்ந்து சொன்னார்.

சண்டைக் காலத்தில் ஊரைவிட்டுத் தப்பி முதலில் போய்ச் சேர்ந்தது பிரான்ஸுக்கு. பாரிஸில் ஹோட்டலில் பாத்திரம் கழுவும் வேலை. அறுவடைக் காலத்தில் தெற்கே திராட்சை பறிக்கப் போவார்கள். திராட்சையை அவர் முந்திரிகை என்றுதான் சொல்வார். அவர் போனது ஒரு பழைய எஸ்டேட். பெரிய கல் மாளிகை, அதைச் சுற்றிக் கண்ணுக்கெட்டிய தூரம் கொடி. பல தலைமுறையாக ஒரே குடும்பத்தின் கையில் இருந்ததாம். உலகப் போரின்போது அந்நியப் படை மாளிகைக்குள் வந்து தங்கியபோது, பழைய ஒயினையெல்லாம் நிலவறையில் வைத்துக் குறுக்கே சுவர் எழுப்பி, அழுக்கைப் பூசிப் பழைய சுவர்போலக் காட்டிக் காப்பாற்றினார்களாம். அதை எஸ்டேட்காரர்கள் வேலைக்கு வந்தவர்களிடம்கூடப் பெருமையாகச் சொல்வார்களாம். மகள் பிறந்த வருஷம், பிள்ளைத்தாய்ச்சியாக இருந்த அக்காவைப் பாரிஸில் விட்டுவிட்டு அங்கே போயிருந்தார்.

"ஒரு நாள் பின்னேரம் ஆஸ்பத்திரியில இருந்து எஸ்டேட் ஒஃபீசுக்கு போன் வந்தது. இவவுக்கு நாள் வர முந்தியே வலி தொடங்கீட்டுது. மழை வரப்போகுது எண்டு எல்லாரும் அவசர அவசரமாப் பறிச்சுக்கொண்டிருக்கிற நேரம். எஸ்டேட்டுக்குச் சொந்தக்கார மனிசி சேத்துக் காலோட வந்தா. காரில ஏறு எண்டா. ரயில் வெளிக்கிட முந்தி என்னை ஸ்டேசனில கொண்டுபோய் விட்டிட்டா. என்ர பேர்கூட அவவுக்குச் சரியாத் தெரியாது."

அதற்குள் அக்கா வாசலில் வந்து நின்றிருந்தார். கையில் துடைப்பம். "டொக்டர்மார் பிரெஞ்சில கேக்கிறது ஒண்டும் எனக்கு விளங்கேல்ல" என்றார் மெதுவாக. "கத்தியோட நிக்கினம், என்னத்துக்கெண்டு தெரியாது. பயத்தில நான் ஆரையும் கிட்ட வரவே விடேல்ல. இவர் வந்து சொன்னாப் பிறகுதான் ஒப்பரேசனுக்கு ஓம் எண்டனான். இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தாப் பிள்ளை இல்லையெண்டு பிறகு சொல்லிச்சினம்."

அந்த வருஷத்து ஒயின் பாட்டிலில் அடைக்கப்பட்டதும், அந்த அம்மாள் அண்ணாவுக்கு ஒரு பாட்டில் கொடுத்தாராம். இதில் உன் கையும் இருக்கிறது என்றாராம். பிறகு அக்காவின் தம்பி இவர்களை டெக்ஸஸுக்குக் கூப்பிட்டுக்கொண்டார். துணிகளுக்கு நடுவே சுற்றிக்கொண்டு வந்த அந்தப் பாட்டிலுக்குத் துணையாக, கையில் பணம் இருந்த வருஷங்களிலெல்லாம் அதே எஸ்டேட் ஒயினில் ஒன்று வாங்கி வைத்திருக்கிறார். அதனால்தான் எல்லாம் ஒரே மாதிரி.

"கார்க்கில் ஏதாவது அச்சடித்திருப்பார்களா?" என்று கேட்டேன்.

"வருசம் இருக்கும். ஆனாத் திறந்தாத்தானே தெரியும். திறந்தா முடிஞ்சுது."

எனக்கு ஒரு யோசனை வந்தது. வீட்டுக்கு ஓடிப்போய், பல் பார்க்கும்போது நெற்றியில் மாட்டிக்கொள்ளும் லைட்டையும், பெரிதாகக் காட்டும் கண்ணாடியையும் எடுத்து வந்தேன். அண்ணா ஒவ்வொரு பாட்டிலின் மூடித் தகட்டையும் கத்தியால் கீறி எடுத்தார். கழுத்துக் கண்ணாடி வழியாக லைட்டை அடித்து, வாய்க்குள் பார்ப்பதுபோலக் கார்க்கைப் பார்த்தேன். பச்சைக் கண்ணாடிக்குப் பின்னால் மங்கலாக எழுத்து தெரிந்தது. படித்துச் சொல்லச் சொல்ல, அண்ணா ஒரு டேப்பில் வருஷத்தை எழுதி ஒட்டினார். பாட்டிலைப் பிடித்துக்கொண்டது அக்காதான். "மெல்லத் திருப்புங்கோ, குலுக்காதேங்கோ" என்று இப்போது அவர்தான் எங்களுக்கு உத்தரவு போட்டார்.

கடைசியில் இரண்டு பாட்டில்கள் மிஞ்சின. இரண்டிலும் ஒயின் ஊறிக் கார்க் கறுத்திருந்தது. எப்படிப் பார்த்தும் படிக்க முடியவில்லை. மற்ற எதிலும் மகள் பிறந்த வருஷம் இல்லை. அப்படியென்றால் இந்த இரண்டில் ஒன்று. அண்ணா இரண்டையும் ஒரு டவலில் சுற்றி எங்கள் வீட்டுக்கு எடுத்து வந்தார். எங்கள் வீடும் அப்போது அடுப்பாகக் கொதித்துக்கொண்டிருந்தது. சூட்டில் ஒயின் கெட்டுவிடுமாம். ஏசி திரும்ப வருவதற்குள் எத்தனையோ முறை அவற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார்.

அடுத்த வசந்தத்தில் கோயிலில் கல்யாணம் நடந்தது. மறுநாள் மத்தியானம் புதுச்சுவர் வாசம் போகாத அவர்கள் வீட்டில் சாப்பாட்டுக்கு எங்களையும் கூப்பிட்டிருந்தார்கள். சாப்பிட்டு முடித்ததும் அண்ணா இரண்டு பாட்டில்களையும் மேஜையில் வைத்தார். எதைத் திறப்பதென்று தெரியாமல் கை தயங்கியது.

"அப்பா, ஜஸ்ட் பிக் ஒன்" என்றாள் மகள். அவர் அசையவில்லை. அவளே ஒன்றைத் தொட்டுக் காட்டினாள்.

கார்க் பாதியில் முறிந்தது. மீதியைத் துண்டு துண்டாகத்தான் எடுக்க முடிந்தது. மகள் அந்தத் துண்டுகளை டிஷ்யூவில் வைத்து ஒன்று சேர்த்தாள். கறையைத் துடைத்ததும் ஒரு துண்டில் வருஷத்தின் கடைசி இரண்டு எண்கள் தெரிந்தன. அவள் வருஷம்தான்.

அண்ணா சந்தோஷப்படவில்லை. கண்ணாடிக் கோப்பையில் ஊற்றினார். பழைய செங்கல் நிறம். முகர்ந்தார், ஒரு வாய் குடித்தார். பிறகு கோப்பையைக் கீழே வைத்துவிட்டார். "வெக்கை பிடிச்சிட்டுது. ஒண்டுமில்லை இதில."

மாப்பிள்ளை அக்காவைப் பார்த்தார், அக்கா தட்டைப் பார்த்தார். மகள் அப்பாவின் கோப்பையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "இட்ஸ் மைன். ஐ ஆம் ட்ரிங்கிங் இட், அப்பா" என்றாள். எல்லோருக்கும் கொஞ்சம் கொஞ்சம் ஊற்றிக் கொடுத்தாள். எனக்கும் ஒரு துளி. நான் குடிக்கவில்லை, கையில் வைத்துக்கொண்டேன்.

பேச்சு மெதுவாகக் கல்யாணக் கூத்துகளுக்குத் திரும்பியது. கொஞ்ச நேரம் கழித்து என் கையிலிருந்த கோப்பையிலிருந்து ஒரு வாசனை. மழை நனைத்த மண், பேரீச்சம்பழம், காய்ந்த ரோஜா எல்லாம் கலந்த மாதிரி. நான் சொல்வதற்குள் அண்ணா எழுந்துவிட்டார். மகளின் கோப்பையை வாங்கி முகர்ந்து, அப்படியே கண்ணை மூடிக்கொண்டார். அக்காவும் பக்கத்தில் போய் முகர்ந்தார். அவர் அந்தத் தோட்டத்தைப் பார்த்ததே இல்லை.

"இதுதான்" என்றார் அண்ணா. "முந்திரிகை பிழிஞ்சு வைக்கிற கொட்டிலுக்குள்ள இந்த வாசம்தான் நிக்கும்."

சில நிமிஷங்கள்தான். பிறகு மறுபடி முகர்ந்தபோது வெறும் புளிப்பு. அவர் அதையும் மிச்சம் வைக்காமல் குடித்தார். இன்னொரு பாட்டிலைத் திறக்கவே இல்லை.

அந்த எஸ்டேட்டின் பெயரை இன்றைக்கும் எனக்குச் சரியாகச் சொல்ல வராது. அந்த அம்மாள் இறந்து பல வருஷம் ஆகிவிட்டதாம். மழைக்கு முன்னால் கொடியில் நின்ற பழத்தை அப்படியே விட்டுவிட்டு, பெயர்கூடத் தெரியாத ஓர் அந்நியனை அவர் காரில் ஏற்றியிருக்கிறார். அவருக்கு அது மறுநாளே மறந்துபோயிருக்கலாம். ஆனால் அவர் பார்த்தேயிராத ஓர் ஊரில், அன்று பிழைத்த பிள்ளை தன் கல்யாணத்துக்கு மறுநாள் எல்லோருக்கும் ஒயின் ஊற்றிக் கொடுத்ததை நான் பார்த்தேன். நாம் போகிற போக்கில் செய்துவிட்டு மறந்துபோகும் ஒரு காரியம் எங்கே போய் எவ்வளவு காலம் உயிரோடு இருக்கும் என்பது நமக்குத் தெரியவே வராது என்று அன்றிலிருந்து எனக்கு அடிக்கடி தோன்றுகிறது.