சைரன் ஓய்ந்த வீடு

என் அக்காவின் கணவர் தச்சர். வீட்டின் முன்னறைதான் பட்டறை. விரலில் ஒரு மரச் சிலாம்பு ஏறினால் போதும், "ஐயோ, செத்தேன்" என்று தெருமுனைவரை கேட்கும்படி கத்துவார். அதனால் எங்களுக்கெல்லாம் அவர் சைரன் மாமா. உளி வெட்டி ரத்தம் கொட்டினாலும் அதே சத்தம், எறும்பு கடித்தாலும் அதே சத்தம். மனிதருக்குச் சின்னது பெரியது என்பதே கிடையாது.

கத்தியதும் மகள் உள்ளேயிருந்து ஓடி வருவாள். விரலை வாங்கி ஊதிவிட்டு, "உயிர் இருக்குப்பா, போய் வேலையைப் பாரு" என்பாள். உடனே அவருக்குச் சரியாகிவிடும். அவள் கல்லூரிக்குப் போகும் வயதிலும் இந்தக் கூத்து நிற்கவில்லை. அக்கா தலையில் அடித்துக்கொள்வாள்.

அந்தப் பெண் ஒரு காய்ச்சலில் போய்விட்டாள். இதை எழுதவே எனக்குக் கை வரவில்லை.

அடுத்த மாதம் ஒருநாள் மாமா சுத்தியலை விரலில் போட்டுக்கொண்டு கத்தினார். சமையலறையில் இருந்த அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்த பிறகும் இந்த ஆளுக்கு விரல்தான் பெரிதா என்று நினைத்தவள், அடுப்படியை விட்டு அசையவில்லை.

அதற்குப் பிறகு அவர் கத்தவே இல்லை. ஒருவழியாகத் தேறிவிட்டார் என்று எங்களுக்கு நிம்மதி. அக்காவுக்கோ, மகளை அதற்குள் மறந்த கல்நெஞ்சக்காரர் என்று கோபம். மாமாவுக்குச் சாப்பாடு குறைந்தது, ஆள் பாதியானார். ரம்பம் இழுக்கும்போது நடுவில் நிறுத்தி வயிற்றைப் பிடித்துக்கொள்வார். கேட்டால் வாயுத் தொல்லை என்பார். பட்டறையிலேயே சுருண்டு விழுந்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். வயிற்றில் கட்டி, முற்றிவிட்டது என்றார் டாக்டர். இவ்வளவு வலியை எப்படிப் பொறுத்தார் என்று டாக்டரே திகைத்துப்போனார்.

அன்று மதியம் கட்டிலோரம் உட்கார்ந்து அக்கா அழுதுகொண்டே கேட்டாள்.

"எறும்பு கடிச்சாலே ஊரைக் கூட்டுவீங்களே. இதுக்கு ஏன் வாயே திறக்கல?"

அவர் ஜன்னலைப் பார்த்தபடி சொன்னார்.

"அவ போனதுக்கப்புறம் ஒரு தடவை கத்திப் பார்த்தேன். யாரும் வரல. அதோட விட்டுட்டேன்."

குற்றம் சொல்லும் குரலில்லை அது. கடை பூட்டியிருந்தது என்று சொல்வதுபோல்தான் சொன்னார்.

மாமா போய்விட்டார். துக்கம் விசாரிக்க வருகிறவர்கள் அவருடைய நோயைப் பற்றிக் கேட்கிறார்கள். அக்கா அதற்குப் பதில் சொல்வதில்லை. யார் வந்தாலும் ஒன்றையேதான் சொல்கிறாள்.

"எனக்குக் கேட்டுச்சு. நான் உள்ளதான் இருந்தேன். நாலு எட்டு வச்சிருந்தா போயிருக்கலாம்."