ஓநாய் மூச்சு வாங்கிய காட்சி

நான் எடுத்த ஒரே படத்தில் ஓநாய் மனிதனாக நடித்தவர் என் அண்ணன். படம் இணையத்தில் வெளியானபோது அவர் உயிரோடு இல்லை. பார்த்தவர்கள் யாருக்கும் அது தெரியாது. படத்தின் ஆரம்பத்தில் அவருடைய மாலை போட்ட போட்டோ ஒன்றை வைக்கலாம் என்று கேமரா பிடித்த நண்பன் சொன்னான். நான் வேண்டாம் என்றேன். அனுதாபத்துக்காக யாரும் பாராட்ட வேண்டாம், படத்தைப் படமாகப் பார்க்கட்டும் என்று எனக்கு ஒரு வீம்பு.

எனக்குத் தொழில் கல்யாண வீடியோ. திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலில் ஒரு மாடியறையில் எடிட்டிங் கம்ப்யூட்டர் வைத்திருந்தேன். காது குத்து, மஞ்சள் நீராட்டு, வரவேற்பு என்று வருடக்கணக்காக அடுத்தவர் வீட்டு விசேஷங்களையே எடுத்துக்கொண்டிருந்தவனுக்கு, ஒரு பேய்ப்படம் எடுத்துக் காட்டினால் சென்னையில் யாராவது கூப்பிடுவார்கள் என்ற எண்ணம் எப்படியோ வந்து ஒட்டிக்கொண்டது. அண்ணன் கோயிலுக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜில் மேனேஜர். ஆறடிக்கு மேல் உயரம், அகன்ற தோள். ரூம் கேட்டு வருகிறவர்கள் அவரைப் பார்த்ததும் குரலைத் தணித்துக்கொள்வார்கள். ஓநாய்க்கு நான் வேறு ஆளைத் தேடவே இல்லை. கேட்டபோது சிரித்தார். இந்த வயசில் வேஷமா என்றார். ஆனால் அடுத்த நாளே லீவு சொல்லிவிட்டார்.

ஊருக்குப் புதிதாக வந்த வாத்தியார் ஒருவர் ஒவ்வொரு பௌர்ணமிக்கும் ஓநாயாக மாறுகிறார் என்பது கதை. ராத்திரிக் காட்சிகளை ராத்திரியில் எடுக்க எங்களிடம் விளக்குகள் கிடையாது. வெயிலில் எடுத்துவிட்டு, கம்ப்யூட்டரில் நீலம் ஏற்றி இருட்டாக்கிக்கொள்ளலாம் என்று முடிவு செய்தேன். வெயில் எவ்வளவு கடுமையோ, நிலா வெளிச்சம் அவ்வளவு நன்றாக வரும். அதனால் மே மாதத்தில், பகல் பதினொன்றிலிருந்து மூன்று மணி வரை, மலைக்குப் பின்பக்கம் வற்றிக் கிடந்த ஏரிக்குள் எடுத்தோம். ஓநாய் உடையை கார் சீட்டுக்குப் போடும் முடித்துணியில் ஒரு தையல்காரர் தைத்துக் கொடுத்தார். தலை தனியாக ரப்பரில் செய்தது. மூக்குக்கு நேராக இரண்டு ஓட்டை, அவ்வளவுதான். ஒவ்வொரு முறை தலையைக் கழற்றும்போதும் அண்ணனின் முகம் வெந்த மாதிரி இருக்கும். ஒரு சொம்புத் தண்ணீரை அப்படியே தலையில் ஊற்றிக்கொள்வார்.

படப்பிடிப்பு முடிந்து மூன்று மாதம் கழித்து, ஒரு காலையில் லாட்ஜ் கவுண்டரில் சாவி எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் உயிர் போய்விட்டது. மாரடைப்பு என்றார்கள். எட்டாவது படிக்கிற மகளையும் அண்ணியையும் விட்டுவிட்டுப் போனார்.

கருமாதி முடிந்ததும் நான் மாடியறைக்குப் போய் உட்கார்ந்தேன். அண்ணனுக்காகத்தான் முடிக்கிறேன் என்று எல்லாரிடமும் சொன்னேன். அதில் பாதி உண்மை. படத்தை முடித்து, இணையத்தில் ஏற்றினேன்.

கருத்துகள் வர ஆரம்பித்தன. முதலில் வந்ததே ஓநாயா, மழையில் நனைந்த கரடியா என்றுதான். நிழல் இவ்வளவு கறுப்பாக விழுகிற நிலாவை எந்த ஊரில் பார்த்தீர்கள் என்று ஒருவர் கேட்டிருந்தார். பௌர்ணமி அன்றைக்குத் திருவண்ணாமலையில் ஓநாய் வெளியே வந்தால் கிரிவலக் கூட்டத்தில் மிதிபட்டே செத்துவிடும் என்று இன்னொருவர் எழுத, அதற்கு நூற்றுக்கணக்கில் சிரிப்புப் பொம்மைகள். எனக்கே சிரிப்பு வந்தது. எழுதும்போது அது ஏன் எனக்குத் தோன்றவில்லை என்று வெட்கமாகவும் இருந்தது. முதுகில் ஜிப் தெரிகிறது, ஓநாய்க்குத் தொப்பை ஜாஸ்தி, பயம் கம்மி, என் ஒரு மணி நேரத்தைத் திருப்பிக் கொடு என்று வந்துகொண்டே இருந்தது. நடுநடுவே, கையில் ஒன்றுமில்லாமல் இவ்வளவு செய்ததே பெரிது என்று தட்டிக்கொடுத்தவர்களும் உண்டு.

ஒரு காட்சியை மட்டும் எல்லாரும் பாராட்டினார்கள். ஓநாய் ஓடி வந்து, ஏரிக்கரைப் பாறையில் கை ஊன்றிக் குனிந்து மூச்சு வாங்கும் காட்சி. வசனம் இல்லை, இசை இல்லை. தோள் ஏறி இறங்குவதும் அந்தச் சத்தமும்தான். மொத்தப் படத்தில் அந்த ஒரு நிமிஷம் நிஜமாகவே பயந்தேன் என்று ஒருவர் எழுதினார். இந்த ஆள் பெரிய நடிகனாக வருவான் என்று இன்னொருவர். இசை வைக்காமல் விட்டது நான்தானே என்று எனக்குப் பெருமை. அந்த வரிகளை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு, தெரிந்தவர்களுக்கெல்லாம் அனுப்பினேன்.

அண்ணியும் கருத்துகளைப் படித்துக்கொண்டிருந்தார் என்பது எனக்குத் தெரியாது. சமையலை முடித்துவிட்டுத் தினமும் உட்கார்ந்து ஒன்று விடாமல் படிக்கிறார் என்று பிறகு அண்ணன் மகள் சொன்னாள். தொப்பையைக் கிண்டல் செய்தவர்களைக்கூட அண்ணி ஒன்றும் சொல்லவில்லையாம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் போனில் கூப்பிட்டு வீட்டுக்கு வரச் சொன்னார். போனதும் தண்ணீர் கொடுத்தார். பிறகு போனை என் கையில் வைத்தார். முகம் தெரியாத ஒருவர் எழுதியிருந்தார்: "இது நடிப்பு இல்ல. எங்க அப்பா கடைசியா இப்படித்தான் மூச்சு வாங்குனாரு. இடது கைய எப்படித் தொங்கவிட்டிருக்காருனு பாருங்க. தயவுசெஞ்சு இவர டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க."

நான் அதைப் பார்த்திருக்கவில்லை. பாராட்டுகளுக்குக் கீழே எங்கேயோ கிடந்திருக்கிறது. இரண்டு முறை படித்தேன்.

"அன்னைக்கு அவரு ஏதாச்சும் சொன்னாரா, தம்பி?" என்று அண்ணி கேட்டார். சாதாரணமாகத்தான் கேட்டார்.

இல்லை என்று சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. ஆனால் அந்தப் போன் என் கையிலேயே இருந்தது. சொல்லிவிட்டேன்.

அந்தக் காட்சிக்கு அவரை நான்கு முறை ஓடவிட்டேன். மூன்றாவது முறை முடிந்து தலையைக் கழற்றிவிட்டு, வேலிகாத்தான் மர நிழலில் உட்கார்ந்தார். "நெஞ்ச ஒரு மாதிரி புடிக்குதுடா. கை வேற இழுக்குது. நாளைக்கு வச்சுக்கலாமா?" என்றார். நாளைக்கு என்றால் காலையிலிருந்து மறுபடி எல்லாம் ஆரம்பிக்க வேண்டும். இன்னும் ஒரே ஒரு தடவைண்ணா என்றேன். என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். தலையை எடுத்து மாட்டிக்கொண்டு ஏரிக்குள் இறங்கி நடந்தார். படத்தில் இருப்பது அந்த நான்காவது முறை.

சாயந்திரம் பைக்கில் என் பின்னால் உட்கார்ந்து வரும்போது சரியாகிவிட்டது என்றார். "அவகிட்ட சொல்லிடாத, பயந்துடுவா" என்றார். நான் சொல்லவில்லை. அண்ணன் கேட்டுக்கொண்டதற்காக மட்டும் இல்லை. இன்னும் நான்கு நாள் வேலை பாக்கி இருந்தது. அண்ணிக்குத் தெரிந்தால் அனுப்ப மாட்டார்.

எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். அடுத்த அறையில் அண்ணன் மகள் பாடம் படிக்கும் சத்தம் நின்று போயிருந்தது.

"அவரு ஓடுனத வுடுங்க" என்றார் அண்ணி. "அவருக்கும் ஆசை. நீங்க கூப்பிடலன்னாலும் வந்திருப்பாரு. அதுக்கப்புறம் மூணு மாசம் இருந்துச்சே. எத்தினி வாட்டி இந்த வூட்ல உக்காந்து சாப்பிட்டீங்க. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் இல்ல?"

நான்கு நாள் வேலை முடிந்த பிறகு ஏன் சொல்லவில்லை என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். மறந்துவிட்டேன். அதுதான் உண்மை. படம் எப்படி வந்திருக்கிறது என்ற நினைப்பிலேயே இருந்ததால், அண்ணனின் நெஞ்சுவலி எனக்கு மறந்து போயிருந்தது.

அங்கிருந்து நேராக மாடியறைக்குப் போய்ப் படத்தை இணையத்திலிருந்து அழித்தேன். அது ஒரு தண்டனை மாதிரி, யாருக்கோ நியாயம் செய்கிற மாதிரி அப்போது தோன்றியது. இரண்டு நாள் கழித்து அண்ணி கூப்பிட்டார். படம் எங்கே என்று கேட்டார். எடுத்துவிட்டேன் என்றேன்.

"யாரக் கேட்டு எடுத்தீங்க?"

திரும்பப் போட்டுவிடுகிறேன் என்றேன். அந்தக் கருத்துகளெல்லாம் இருக்குமா என்று கேட்டார். இருக்காது, அழித்தால் அவையும் போய்விடும், புதிதாகத்தான் ஏற்ற வேண்டும் என்றேன். போனில் அவர் மூச்சு விடுவது மட்டும் கேட்டது.

"அந்த ஆளுக்கு ஒரு பதில் போடணும்னு இருந்தேன்" என்றார். "என்ன எழுதறதுனு தெரியாம ரெண்டு நாளா வச்சிருந்தேன். அவர டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்கனு சொன்னது அந்த ஒருத்தருதான்."

போனை வைத்துவிட்டார்.

படத்தை மறுபடி ஏற்றினேன். பழைய கூட்டம் திரும்பி வரவில்லை. எப்போதாவது யாராவது இரண்டு வரி திட்டிவிட்டுப் போவார்கள். அந்த முகம் தெரியாத மனிதரைத் தேடினேன். அவர் பெயர் எனக்கு ஞாபகமில்லை, ஏதோ எண்களும் எழுத்துமாக இருந்தது. கண்டுபிடிக்க முடியவில்லை. சென்னையிலிருந்து யாரும் கூப்பிடவில்லை. நான் இப்போதும் கல்யாணங்களுக்குத்தான் போகிறேன்.

அண்ணி என்னோடு பேசுவதை நிறுத்தவில்லை. தேவையானதைப் பேசுவார். வருஷத் திதிக்கு இலை போட்டு எனக்கும் பரிமாறினார். ஆனால் பழைய மாதிரி ஏன் இளைத்துவிட்டீர்கள் என்றோ, எப்போது கல்யாணம் என்றோ கேட்பதில்லை.

போன ஆடி மாதம் ஒருநாள் காலையில் போன் செய்து, வெறும் வயிற்றில் கிளம்பி வரச் சொன்னார். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஓர் ஆஸ்பத்திரி வாசலில் நின்றுகொண்டிருந்தார். உங்கள் அப்பாவும் மாரடைப்பில்தான் போனார், அண்ணனும் போய்விட்டார், அடுத்து நீங்கள், உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள் என்றார். நெஞ்சில் ஒயர்களை ஒட்டினார்கள். ரத்தம் எடுத்தார்கள். பெல்ட் மேல் நடக்கவிட்டு, பிறகு ஓடவிட்டார்கள். முடிந்து வெளியே வரும்வரை அண்ணி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். காகிதத்தை என் கையிலிருந்து வாங்கி, டாக்டர் அறைக்குள் என் கூடவே வந்தார். இப்போதைக்கு ஒன்றும் இல்லை, வருடத்துக்கு ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள் என்றார் டாக்டர். அண்ணி அவரிடம் இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்டார்.

வெளியே வந்ததும் காகிதத்தை மடித்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டார். டிபன் சாப்பிட்டுவிட்டுப் போகலாமே என்று கேட்டேன். பாப்பா ஸ்கூலிலிருந்து வந்துவிடுவாள் என்றார். மணி அப்போது பதினொன்றுகூட ஆகவில்லை. ஷேர் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்துகொண்டு, வெயிலில் நிற்காமல் போங்க என்று மட்டும் சொன்னார்.