காலி நிலம் ஆன என் படம்

1. யமுனைக் கரையில்

விளம்பரக் கம்பெனி ஒன்றில் இருபத்தாறு வருஷம் போட்டோகிராபராக இருந்தேன். போன குளிர்காலத்தில் வேலை போயிற்று. காரணமான படத்தை நினைத்தால் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

ஒரு பில்டரின் பிரோஷருக்கு யமுனைக் கரையில் லேண்ட்ஸ்கேப் வேண்டுமென்றார்கள். பனி மூடிய காலை. வைட் லென்ஸில் கரண்ட் கம்பி, எருமைகள், நீலத் தார்ப்பாய் போட்ட வீடுகள், நடுவில் ஒரு வேப்பமரம். கண் எங்கே நிற்பதென்றே தெரியாத ஃப்ரேம். அங்கே குடியிருந்த விழுப்புரத்துச் செல்வி, வீட்டு வேலைக்குக் கிளம்பும் அவசரத்திலும், நான் ஏறி நிற்க ஸ்டூல் கொண்டுவந்து போட்டாள். தூரத்தைக் கிட்டே இழுக்கும் டெலி லென்ஸை மாட்டி, ஸ்டூலைப் பத்தடி இடப்பக்கம் நகர்த்திப் போட்டுக்கொண்டேன். மரம், பனி, ஒரு கீற்று ஆறு. மற்றதெல்லாம் வெளியே போயிற்று.

"அச்சா! இதான்மா சிம்பிளிசிட்டி. ஒண்ணுமே இல்ல பாரு, அதான் அழகு" என்றார் என் பாஸ் ரங்கநாதன். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

2. செல்வியின் கேள்வி

மூன்று வாரம் கழித்து செல்வி போன் செய்தாள். குடிசைகளை இடிக்கப்போகிறார்கள் என்று தெரிந்து, மாற்று வீடு கேட்டு சர்க்கார் ஆபீஸில் மனு கொடுக்கப் போயிருக்கிறார்கள்.

"அக்கா, அங்க இருந்த கிளார்க் பாபு பில்டர் புத்தகத்துல உங்க படத்தக் காட்டி, காலி நிலம்னு போட்டிருக்கு, யாருமே இல்லங்கறான். நான்தானே ஸ்டூல் குடுத்தேன்? என் வீடு உங்க கண்ணுக்குத் தெரியலயா?"

போனை வைத்ததும் நேரே ரங்கநாதனிடம் போனேன்.

3. பாஸின் அறையில்

"காலி நிலம்னு யார் சார் எழுதினது?"

"க்ளையன்ட் கேட்டதை எழுதினோம். ஒரு பிக்சல்கூட அழிக்கலையே. ஃப்ரேம் வச்சது நீதானேம்மா?"

அவர் சொன்னது உண்மை. அதுதான் என்னை எரித்தது.

"அன்னிக்கு எடுத்த வைட் ஷாட் எல்லாம் வேணும் சார்."

"அது கம்பெனி சொத்து. வெளிய போச்சுன்னா நீயும் வெளியதான்."

அன்று மதியமே அத்தனை வைட் ஷாட்டையும் பிரின்ட் போட்டுச் செல்வியிடம் கொடுத்தேன். மறுநாள் காலை என் சொந்தக் கேமராவில் இன்னொரு படம் எடுத்தேன். அதே மரம், அடியில் செல்வியின் வீடு, வாசலில் அவள். வேறொன்றும் இல்லை. முதல் படத்தைவிட அது எந்த விதத்திலும் சிக்கலானதல்ல.

4. முடிவு

செல்வி ஆபீஸில் படங்களைக் காட்டியபின், மாற்று வீட்டுக்கான பட்டியலை மறுபடி எடுத்தார்கள். செல்வியின் பெயர் சேர்ந்தது. ஆனாலும் வீடுகளை இடித்தார்கள். கிடைத்த ஃபிளாட் இரண்டு பஸ் மாறிப் போகும் தூரம்; அவள் வேலை பார்த்த நான்கு வீடுகளில் இரண்டு கைவிட்டுப் போயின. என்னை ரங்கநாதன் அந்த வாரமே அனுப்பிவிட்டார்.

புதிதாகக் கேமரா பிடிப்பவர்களுக்குச் சொல்கிறேன். ஒரு படத்துக்கு ஒரு விஷயம் போதும். மற்றதை வெளியே தள்ளத்தான் வேண்டும். ஆனால் ஷட்டரை அழுத்துமுன் தலையைத் தூக்கி, தள்ளியது என்னவென்று வெறுங்கண்ணால் பாருங்கள். கம்பியும் எருமையும்தான் என்று நினைத்தேன். நான் தள்ளியது முப்பது குடும்பங்களை.