ரென்ஸ்கேயின் ஜாமும் தூங்குமூஞ்சி டிஸ்க்கும்

மனிதர்களை நம்புவதில் ரென்ஸ்கேயை மிஞ்ச எங்கள் தெருவில் ஆளில்லை. வாசலில் மேசை, அதன்மேல் பிளம்ஸ் ஜாம், பக்கத்தில் உண்டியல். காசைப் போட்டுவிட்டு பாட்டிலை எடுத்துக்கொள்ளலாம். நெதர்லாந்தின் இந்த ஃப்ரீஸ்லாந்தில் பாதி வீடுகளில் இப்படித்தான் வியாபாரம். இந்தக் கோடையில் மட்டும் பாட்டில் குறைந்தது, உண்டியல் நிறையவில்லை. ரென்ஸ்கே கேமரா வாங்கிவிட்டார்.

கேமரா படத்தைப் பதிந்து வைக்கும் ரெக்கார்டர் பெட்டிக்கு ஹார்டு டிஸ்க் தனியாக வாங்க வேண்டும். கணவர் வோபே விடவில்லை. பரணில் கிடந்த கம்ப்யூட்டரிலிருந்து ஒன்றைக் கழற்றி மாட்டினார்.

"டிஸ்க்னா டிஸ்க்தான். இதுக்குப் போய் காசு கொடுப்பாங்களா?"

எங்கள் ஊரில் இதைக் கஞ்சத்தனம் என்று யாரும் சொல்வதில்லை. நல்ல வளர்ப்பு என்போம்.

பாட்டில்கள் தொடர்ந்து காணாமல் போயின. படத்தில் சிக்கியதோ ஒரே ஆள், பக்கத்து வீட்டு சிப்கே. கிழட்டு நாயோடு மேசை முன்னால் நிற்பார், போவார். எடுத்ததைப் பார்க்க முடியவில்லை. ஆனால் வேறு யாருமே இல்லையே! பள்ளிக்கூட நாளிலிருந்து ரென்ஸ்கேயின் நண்பர் அவர். சனிக்கிழமை அவருக்குப் பிறந்தநாள். எங்கள் ஊரில் பிறந்தநாள் என்றால் அக்கம்பக்கத்தார் எல்லாரும் வட்டமாக நாற்காலி போட்டு உட்கார்ந்து காபி குடிப்போம். அந்த வட்டத்தில் ஒருமுறை நாற்காலி காலியானால், அப்புறம் அது காலிதான்.

ரென்ஸ்கே என்னிடம் ஓடிவந்தார். "சனிக்கிழமைக்குள்ள தெரியணும். அவன்தான்னா நான் போகமாட்டேன். அவன் இல்லேன்னா... ஐயோ, அந்த மூஞ்சியில எப்படி முழிப்பேன்?"

ரெக்கார்டர் கம்பெனியின் இணையப் பக்கத்தில் தேடினேன். அந்தப் பெட்டிக்கு ஒத்துவரும் டிஸ்க்குகளில் வோபேயின் டிஸ்க் இல்லை. அது மேசைக் கம்ப்யூட்டருக்கானது. ஆள் அசைந்தால்தான் கேமரா பதியும்; நடுவில் வேலையில்லாவிட்டால் டிஸ்க் தூங்கிவிடும், எழுந்திருக்க நேரம் பிடிக்கும். அதற்குள் வந்து போகிறவர் பதிவாக மாட்டார்.

"அப்போ மெதுவா நடக்கிறவன்தான் திருடனா?"

"உங்க டிஸ்க்குக்கு அப்படித்தான்."

இரவு பகல் ஓடும் கேமரா டிஸ்க் ஒன்றை, பெட்டி எவ்வளவு கொள்ளும் என்று பார்த்து வாங்கினோம். வோபே குதித்தார். "திருப்பிக் கொடு! பெட்டியே வெந்துபோகும்!" ரென்ஸ்கே தலையாட்டிவிட்டு, அவர் சீட்டாடப் போனதும் என்னைக் கூப்பிட்டார்.

மாட்டினோம். 'டிஸ்க் இல்லை' என்றது திரை. வாசலில் சைக்கிள் சத்தம்.

"வோபே வந்துட்டான்! சீக்கிரம்ப்பா!"

வயரை இன்னும் கொஞ்சம் அழுத்தினேன். திரை பச்சையானது. வோபே உள்ளே வந்தபோது நாங்கள் காபி குடித்துக்கொண்டிருந்தோம்.

சனிக்கிழமை காலை நானும் ரென்ஸ்கேயும் பார்த்தோம். சிப்கே வந்தார். சாய்ந்திருந்த விலைப் பலகையை நிமிர்த்தினார். போனார். பிறகு மேசைக்குப் பக்கத்துச் செடிவேலி அசைந்தது. வீட்டுச் செருப்போடு வோபே. சர்க்கரையைத் தொடவே கூடாது என்று டாக்டர் சொன்ன அதே வோபே. ஒரு பாட்டில். சட்டைப் பையிலிருந்து ஒரு ஸ்பூன்.

ரென்ஸ்கே சத்தம் போடவில்லை. கணவரைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினார்.

"சிப்கேயைத் திருடன்னு சொன்னப்போ, நீ பக்கத்துலதான உக்காந்திருந்த?"

வோபே சட்டைப் பையிலிருந்த ஸ்பூனை எடுத்து மேசைமேல் வைத்தார்.

மாலையில் பிறந்தநாள் வட்டத்தில் ரென்ஸ்கேயின் நாற்காலி காலியாக இல்லை. வோபேயும் வந்திருந்தார். காபி ஊற்றிக்கொண்டே சிப்கே கேட்டார்: "கேமராவுல யாராச்சும் மாட்டினானா?"

"மாட்டினான்" என்றார் ரென்ஸ்கே. "அவனே சொல்லுவான்."

வோபே எழுந்து நின்றார்.